ஃப்ரீ கேம்தான் சார்… ஆனா பில் ₹56,027! அனிமே கேம்களோட உண்மையான விலை என்ன?



ரிட்டர்ன் தாக்கல் சீசன்ல கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கிற எங்க ஆபீஸுக்கு நிறைய சம்பளக்காரப் பசங்க வருவாங்க. 2025 ஜூலையில ஒரு தம்பி வந்தார். வயசு 26. வீடு கடலூர், வேலை சிதம்பரம், தினமும் பஸ்ல போயிட்டு வர்றவர். கைக்கு வர்ற சம்பளம் ₹28,000. வரி எதுவும் வராது. ஆனா பைக் லோனுக்கு ரிட்டர்ன் காப்பி கேட்டிருக்காங்க, அதனால வந்தார்.

சேவிங்ஸ் அக்கவுண்ட் வட்டியைச் சரி பார்க்க பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டேன். வட்டி சில நூறு ரூபாய்தான். ஆனா பக்கத்துக்குப் பக்கம் ₹89, ₹89, ₹399, ₹899-னு சின்னச் சின்ன டெபிட். "என்ன தம்பி இது?"ன்னு கேட்டேன்.

"ஒரு அனிமே கேம் சார். ஃப்ரீ கேம்தான். எப்பயாவது கொஞ்சம் போடுவேன்."

"வருஷத்துக்கு எவ்வளவு போட்டிருப்பீங்க?"

"ஒரு ஏழெட்டாயிரம் இருக்கும் சார்."

எக்ஸெல்ல போட்டுக் கூட்டினோம். ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை:

- மாதாந்திர பாஸ்: ₹399 × 12 = ₹4,788
- சின்ன பேக்: ₹89 × 58 = ₹5,162
- நடுத்தர பேக்: ₹899 × 17 = ₹15,283
- பெரிய பேக்: ₹2,499 × 6 = ₹14,994
- மிகப் பெரிய பேக்: ₹7,900 × 2 = ₹15,800

மொத்தம் 95 தடவை, ₹56,027. சரியா ரெண்டு மாச சம்பளம்.

அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம்தான் பைக் லோன் கதையைச் சொன்னார். 2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில வெள்ளம் வந்தது கடலூர்க்காரங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அவங்க வீட்டுக்குள்ளயும் தண்ணி. ஃப்ரிட்ஜ் போச்சு, பைக் இன்ஜின் போச்சு. கையில சேமிப்புன்னு எதுவும் இல்ல. அம்மா செயினை அடகு வச்சு ₹45,000 வாங்கியிருக்காங்க, ஒன்றரை வட்டிக்கு. மாசம் ₹675 வட்டி மட்டும் கட்டிட்டு வர்றார். ஏழு மாசமா செயின் இன்னும் கடையிலதான் இருக்கு.

"அந்த வருஷம் என்கிட்ட காசே இல்லன்னு நினைச்சுட்டு இருந்தேன் சார்"னு சொன்னார்.

அவரோட சம்மதத்தோட, பேர் சொல்லாம இதை எழுதறேன். ஏன்னா இந்த மாதிரி ஸ்டேட்மென்ட்டை நான் பார்த்தது இது முதல் தடவை இல்ல.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். கேம் ஆடாதீங்கன்னு அட்வைஸ் பண்ற கட்டுரை இது இல்ல. நானும் ஸ்கூல் விட்டு வந்ததும் டிராகன் பால் இசட் பார்த்து வளர்ந்தவன்தான். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு: நீங்க வாங்கற பொருளோட விலை என்னன்னு வாங்கறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுதா?

காச்சான்னா என்ன?

ஜப்பான்ல கடை வாசல்ல காசு போட்டுத் திருகற மெஷின் இருக்கும். ஒரு உருண்டை டப்பா விழும். உள்ள எந்த பொம்மை இருக்கும்னு திறந்தாதான் தெரியும். அந்த பொம்மை மெஷின் பேர் காச்சாபோன். அதே முறையில கேரக்டர் விக்கிற கேம்களுக்குப் பேர் காச்சா கேம்.

நமக்கு இது புதுசு இல்ல. பெட்டிக்கடையில தொங்குமே, பிரைஸ் அட்டை? ஒரு ரூபாய் குடுத்து ஒரு சீட்டைக் கிழிப்போம். அட்டை மேல கிரிக்கெட் பேட் படம் பெருசா இருக்கும், நமக்கு வர்றது ஒரு மிட்டாயோ ஸ்டிக்கரோதான். பெரிய பரிசு சீட்டைக் கடைக்காரர் முன்னாடியே எடுத்து வச்சுட்டார்னு எங்க செட்டுக்கு எப்பவும் சந்தேகம் உண்டு.

ஆனா பிரைஸ் அட்டையில ஒரு நல்லது இருந்துச்சு. நூறு சீட்டுன்னா நூறுதான். கிழிக்கக் கிழிக்க சீட்டு குறையும், மிச்ச சீட்டுல பரிசு இருக்கிற வாய்ப்பு கூடும். காச்சாவுல சீட்டு தீரவே தீராது. ஒவ்வொரு தடவையும் புது அட்டை.

உதாரணத்துக்கு ஜென்ஷின் இம்பாக்ட்

எல்லாருக்கும் தெரிஞ்ச கேமை வச்சே கணக்கு போடலாம். சீனாவோட ஷாங்காய்ல இருக்கிற மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28-ல வெளியிட்ட ஜென்ஷின் இம்பாக்ட். டவுன்லோடு இலவசம், கதை இலவசம், பெரிய உலகம் முழுக்க சுத்தலாம், அதுவும் இலவசம். ஒரு ரூபாய் போடாம வருஷக்கணக்கா ஆடறவங்க நிறைய பேர் இருக்காங்க. அது நிஜம்.

காசு எங்க வருதுன்னா, புது கேரக்டர் வேணும்னா "விஷ்" பண்ணணும். ஒரு விஷ்ஷுக்கு 160 ப்ரைமோஜெம். ப்ரைமோஜெம்மை நேரடியா காசுக்கு வாங்க முடியாது. ரூபாயைக் குடுத்து ஜெனிசிஸ் கிறிஸ்டல் வாங்கணும், அதை ப்ரைமோஜெம்மா மாத்தணும், அதைக் குடுத்து விஷ் டிக்கெட் வாங்கணும்.

இங்கதான் கவனிக்கணும். ரூபாய்க்கும் கேரக்டருக்கும் நடுவுல மூணு கரன்சி. கல்யாண வீட்டுல மொய் எழுதறப்போ ₹500 நோட்டை எடுக்கறது நமக்கு உறைக்கும். ஆனா 160 ப்ரைமோஜெம் போனா உறைக்காது, ஏன்னா அது எத்தனை ரூபாய்னு மனசுல ஓடாது. பேக் அளவும் விஷ் அளவும் சரியா பொருந்தாது, எப்பவும் கொஞ்சம் மிச்சம் நிக்கும். அந்த மிச்சத்தை வீணாக்கக் கூடாதுன்னு இன்னொரு சின்ன பேக் வாங்குவோம். நம்ம தம்பியோட 58 தடவை ₹89 இப்படித்தான் போயிருக்கு.

இப்போ கால்குலேட்டரை எடுங்க

மிகப் பெரிய பேக் அமெரிக்க விலையில 99.99 டாலர். 6,480 கிறிஸ்டல், போனஸ் 1,600, மொத்தம் 8,080. இதை 160-ஆல வகுத்தா சுமார் 50 விஷ். அதாவது ஒரு விஷ்ஷுக்கு கிட்டத்தட்ட 2 டாலர். டாலர் ₹85-ன்னு வச்சா சுமார் ₹170. இந்திய ஸ்டோர்ல விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். முதல் தடவை வாங்கறவங்களுக்கு டபுள் போனஸும் உண்டு. அதை இந்தக் கணக்குல சேர்க்கல.

அடுத்தது வாய்ப்பு. கேமே வெளிப்படையா சொல்ற எண் இது: ஒரு விஷ்ஷுல 5 ஸ்டார் கேரக்டர் கிடைக்கிற அடிப்படை வாய்ப்பு 0.6%. தொடர்ந்து கிடைக்கலன்னா 90-வது விஷ்ஷுல கண்டிப்பா ஒரு 5 ஸ்டார் உண்டு. இதுக்குப் பேர் "பிட்டி". இதையும் சேர்த்தா சராசரி 1.6%.

இப்போ ஒருத்தர் சுமார் ₹8,500 குடுத்து 50 விஷ் வாங்கறார்னு வைங்க. கணக்கு பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்குது. 50 தடவையும் 5 ஸ்டார் வராம போக வாய்ப்பு எவ்வளவு? 0.994-ஐ 50 தடவை பெருக்கிப் பாருங்க, 0.74 வரும். அதாவது 100 பேர் இப்படிக் காசு போட்டா 74 பேருக்கு ஒரு 5 ஸ்டார்கூட வராது. இது துரதிர்ஷ்டம் இல்ல நண்பர்களே. இதுதான் வழக்கமா நடக்கறது.

5 ஸ்டார் வந்தாலும் அது நீங்க கேட்ட கேரக்டராத்தான் இருக்கும்னு சொல்ல முடியாது. சுமார் பாதி வாய்ப்புதான். தோத்தா அடுத்த 5 ஸ்டார்ல கண்டிப்பா கிடைக்கும். எல்லாத்தையும் சேர்த்தா:

- நீங்க கேட்ட கேரக்டருக்கு சராசரியா சுமார் 90 விஷ், அதாவது ₹15,000 பக்கம்
- மோசமான நிலையில 180 விஷ், அதாவது ₹30,000 பக்கம்
- அதே கேரக்டரை முழு பவருக்குக் கொண்டு போக 7 காப்பி வேணும், சராசரியா ₹1 லட்சத்துக்கு மேல

கடையில ஒரு பொம்மையைக் காட்டி "விலை ₹15,000, சில சமயம் ₹30,000 ஆகும், முன்கூட்டியே சொல்ல முடியாது"ன்னு சொன்னா நீங்க வாங்குவீங்களா? திரும்பிப் பார்க்காம வந்துடுவீங்க. அதனாலதான் இந்த விலை எங்கயும் இப்படி ரூபாயில எழுதி ஒட்டியிருக்காது.

மாதாந்திர பாஸ் மட்டும் மலிவா இருக்கே, ஏன்?

நல்ல கேள்வி. ஜென்ஷின்ல 4.99 டாலர் பாஸ் எடுத்தா உடனே 300 கிறிஸ்டல், அப்புறம் 30 நாளைக்கு தினமும் 90 ப்ரைமோஜெம். மொத்தம் 3,000, அதாவது 18 விஷ்ஷுக்கு மேல. ஒரு விஷ் 27 சென்ட்தான் விழுது. பெரிய பேக்கை விட ஏழு மடங்கு மலிவு!

ஆனா ஒரு கண்டிஷன். தினமும் கேமைத் திறந்தாதான் அன்னிக்கு 90 கிடைக்கும். திறக்காத நாள் போனது போனதுதான். நீங்க பாஸுக்குக் குடுக்கறது காசு மட்டும் இல்ல, 30 நாள் வருகையும் சேர்த்துத்தான். தினமும் கடைக்குள்ள போறவங்க, புது கேரக்டர் பேனர் வர்றப்போ வெறும் கையோட வெளிய வர்றது கஷ்டம். பேனரும் சுமார் மூணு வாரம்தான் இருக்கும். "இப்போ விட்டா எப்போ வருமோ"ங்கற பயம் அங்கதான் வேலை செய்யும். நிஜத்துல பெரும்பாலான கேரக்டர்கள் சில மாசம் கழிச்சு திரும்பி வந்துடும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். மாசம் ₹400 பாஸோட நிறுத்திக்கிட்டு தினமும் ஒரு மணி நேரம் சந்தோஷமா ஆடறீங்கன்னா, ஒரு தடவை தியேட்டருக்குப் போயிட்டு வர்றதை விட அது மலிவான பொழுதுபோக்கு. அதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல. பிரச்சனை, நிறுத்திக்க முடியாம போறதுதான்.

"இது ஒரு முதலீடு மாதிரி சார்"

இப்படியும் சிலர் சொல்றாங்க. "அக்கவுண்ட்டை வித்தா காசு வரும்"னு. ஒரு ஆடிட்டரா சொல்றேன், இது சொத்து இல்ல, செலவு. உங்களுக்குக் கிடைக்கறது கேமைப் பயன்படுத்திக்கற அனுமதி மட்டும்தான். அக்கவுண்ட் விக்கிறது பொதுவா கேம் விதிகளுக்கே எதிரானது.

கேம் மூடினா எல்லாம் போயிடும். நின்டெண்டோவும் சைகேம்ஸும் சேர்ந்து 2018-ல வெளியிட்ட டிராகாலியா லாஸ்ட்ங்கற காச்சா கேம் 2022 நவம்பர் 30-ல மூடப்பட்டுச்சு. நம்ம நாட்டுல 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைல் உட்பட 118 ஆப்களுக்கு அரசு தடை போட்டப்போ, காசு போட்டு ஸ்கின் வாங்கினவங்க எப்படித் தவிச்சாங்கன்னு உங்க ஃப்ரெண்ட்ஸ் சர்க்கிள்லயே கேட்டுப் பாருங்க.

வரி பக்கமும் எந்த லாபமும் இல்ல. சம்பளக்காரங்க இதைக் கழிக்க முடியாது. மேல, இந்த இன்-ஆப் விலைக்குள்ள 18% ஜிஎஸ்டி இருக்கு. நம்ம தம்பியோட ₹56,027-ல சுமார் ₹8,500 ஜிஎஸ்டி மட்டும்.

சட்டம் காப்பாத்தாதா?

உலகம் முழுக்க இதைக் கவனிச்சுட்டுதான் இருக்காங்க. ஒரு செட் முழுசா சேர்த்தா பெரிய பரிசு தர்ற "கம்ப்ளீட் காச்சா" முறை சட்டவிரோதம்னு ஜப்பான் நுகர்வோர் துறை 2012-லயே சொல்லிடுச்சு. காசு குடுத்து வாங்கற லூட் பாக்ஸ் சூதாட்டம்தான்னு பெல்ஜியம் 2018-ல முடிவு பண்ணுச்சு. 2025 ஜனவரியில அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன், ஜென்ஷின் இம்பாக்ட் மேல வழக்கு போட்டது. நடுவுல இருக்கிற கரன்சிகள் உண்மையான செலவை மறைக்குதுங்கறதும் புகார்ல ஒண்ணு. நிறுவனம் 2 கோடி டாலர் கட்டவும், பெற்றோர் சம்மதம் இல்லாம 16 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு லூட் பாக்ஸ் விக்காம இருக்கவும் ஒத்துக்கிட்டு சமரசம் பண்ணிக்கிச்சு.

தமிழ்நாட்டுக்கும் இதுல பெரிய அனுபவம் உண்டு. தினக்கூலியை லாட்டரிச் சீட்டுல விட்ட குடும்பங்களைப் பார்த்துதான் 2003 ஜனவரியில இங்க லாட்டரி தடை செய்யப்பட்டுச்சு. பிறகு 2022-ல ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரா மாநிலச் சட்டம். 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசோட ஆன்லைன் கேமிங் சட்டம். ஆனா இந்தச் சட்டங்களோட முக்கிய குறி, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கற ஆட்டங்கள். காச்சாவுல நீங்க ஜெயிக்கறது பணம் இல்ல, ஒரு படம். அதனால 18 வயசு தாண்டின சம்பளக்காரருக்கு இப்போதைக்கு காவல் அவரேதான்.

சரி, என்ன செய்யலாம்?

1. முதல்ல கூட்டிப் பாருங்க. கூகுள் ப்ளேல உங்க ப்ரொஃபைலைத் தொட்டு, பேமென்ட்ஸ் பகுதியில பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி போனா எல்லா செலவும் இருக்கும். கேமோட வெப்சைட்ல நேரடியா டாப்-அப் பண்ணியிருந்தா அது அங்க வராது. அதனால யுபிஐ, கார்டு ஸ்டேட்மென்ட்டையும் பாருங்க. 12 மாசக் கணக்கு எடுங்க. ஒரு மாசத்தை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க.

2. ரூபாயில எழுதி வைங்க. உங்க கேம் எதுவா இருந்தாலும், ஒரு இழுப்புக்கு எத்தனை ரூபாய், கேட்ட கேரக்டர் கிடைக்க அதிகபட்சம் எத்தனை ரூபாய்னு கணக்குப் போட்டு போன் நோட்ஸ்ல வைங்க. அதிகபட்சத் தொகை கையில இல்லன்னா அந்த பேனர்ல காசு போடாதீங்க. இலவசமா சேர்ந்த ஜெம் இருந்தா அதை மட்டும் பயன்படுத்துங்க.

3. வேலி போடுங்க. ப்ளே ஸ்டோர் பட்ஜெட் எச்சரிக்கை மட்டும்தான் தரும், தடுக்காது. அதனால சேவ் பண்ணின கார்டு, யுபிஐ எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேக்கற மாதிரி வைங்க. மாச ஆரம்பத்துல ஒரே ஒரு ரீசார்ஜ் கோடு வாங்கி பேலன்ஸ்ல போடுங்க. தீர்ந்தா அந்த மாசம் அவ்வளவுதான். ஐபோன்ல ஸ்க்ரீன் டைம் போய் இன்-ஆப் பர்ச்சேஸையே ஆஃப் பண்ணலாம்.

4. எல்லை எவ்வளவு? என் கணக்குல கைக்கு வர்ற சம்பளத்துல 1%. ₹28,000-க்கு ₹280. மூணு மாச வீட்டுச் செலவு அவசர நிதியா சேர்ற வரைக்கும் அதுக்கு மேல வேண்டாம். புயலும் வெள்ளமும் அடிக்கடி வர்ற நம்ம மாவட்டத்துல அவசர நிதிங்கறது ஆடம்பரம் இல்ல.

5. கடன்ல விளையாடாதீங்க. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாசம் 3%-க்கு மேல வட்டி ஓடும். பே லேட்டர், லோன் ஆப் எதுவுமே இதுக்கு வேண்டாம்.

6. தவறுதலா வாங்கிட்டா கூகுள் ப்ளேல 48 மணி நேரத்துக்குள்ள ரீஃபண்ட் கேளுங்க. கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல, ஆனா கேக்கறதுல தப்பில்ல.

7. நிறுத்த நினைச்சும் முடியலன்னா அதை வெட்கமா நினைக்காதீங்க. வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. மத்திய அரசோட இலவச மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயும் பேசலாம்.

மிச்சம் பிடிச்சா என்ன ஆகும்?

மாசம் ₹2,000 போஸ்ட் ஆபீஸ் ஆர்டி போடறீங்கன்னு வைங்க. 6.7% வட்டியில 5 வருஷத்துல நீங்க கட்டறது ₹1,20,000, கைக்கு வர்றது சுமார் ₹1,42,700. இங்க யாருக்கும் அதிர்ஷ்டம் தேவையில்ல.

நம்ம தம்பி விஷயத்துக்கு வருவோம். கேமுக்கு அவர் போட்டது மாசம் சராசரியா ₹4,669. அன்னிக்கே என் டேபிள்ல உக்காந்து ஒரு கணக்கு போட்டோம். மாசம் ₹4,500 அடகு அசல்ல கட்டினா 10 மாசத்துல செயின் வீட்டுக்கு வந்துடும், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். போன்ல இருந்த கார்டை என் எதிர்லயே எடுத்தார்.

"கேமை அழிச்சுடவா சார்?"னு கேட்டார். "உங்க இஷ்டம் தம்பி, பஸ்ல போறப்போ ஃப்ரீயா ஆடுங்க"ன்னேன். போன மாசம் போன் பண்ணினார். மூணு தவணை கட்டியிருக்கார். இன்னும் ஆடறாராம். காசு போடாம ரெண்டு மாசம் ஜெம் சேர்த்து ஒரு கேரக்டர் வாங்கினாராம். வட்டிக் கணக்கு சொன்னதை விட அதைச் சொன்னப்போதான் குரல்ல சந்தோஷம் அதிகமா இருந்துச்சு!

இன்னிக்கு ராத்திரி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி உங்க 12 மாசக் கணக்கைக் கூட்டிப் பாருங்க. நீங்க மனசுல நினைச்ச தொகை எவ்வளவு, நிஜத் தொகை எவ்வளவுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. பேர் போட வேண்டாம், எண் மட்டும் போதும். எக்ஸெல்ல எப்படிக் கூட்டறதுன்னு அடுத்த வீடியோவுல ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டறேன்.